தெரிந்ததைச் சொல்லும் பயிற்சி: மருத்துவக் கல்வியில் பாவனைச் சிகிச்சையும் குழுப்பணியும்

மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் மயக்கவியல் தொழில்நுட்பரும் பணிக்காலம் முழுவதும் ஒரே கட்டிலைச் சுற்றி நின்று வேலை செய்யப் போகிறவர்கள் என்றாலும், படிக்கும் ஆண்டுகளில் அவர்கள் ஒரே வளாகத்தின் தனித்தனிக் கட்டடங்களில், தனித்தனிப் பாடநூல்களோடு, ஒருவர் வகுப்பை மற்றவர் எட்டிப் பார்க்காமலேயே பட்டம் பெறுகிறார்கள். இவர்கள் முதன்முதலாகச் சேர்ந்து செயல்படும் இடம் உண்மையான வார்டாகவும், சேர்ந்து செயல்படும் நேரம் பெரும்பாலும் ஓர் உயிர் ஊசலாடும் நேரமாகவும் அமைந்துவிடுவதால், குழுப்பணி என்பதைக் கற்றுக்கொள்வதற்கான விலையை நோயாளியே கொடுக்க நேர்கிறது. இந்த விலையை நோயாளியின் தலையில் சுமத்தாமல் முன்கூட்டியே கற்றுக்கொள்வதற்கான வழியாக உருவானதுதான் சிமுலேஷன் என்று மருத்துவக் கல்லூரிகளில் வழங்கப்படும் பாவனைச் சிகிச்சைப் பயிற்சி. அதாவது, பொம்மையையோ, நோயாளியாக நடிக்கப் பழக்கப்பட்ட ஒருவரையோ படுக்கவைத்து, உண்மையான கருவிகளும் உண்மையான நேரக் கணக்கும் கொண்டு சிகிச்சையை நடத்திப் பார்ப்பது.

குழுப்பணியை நல்லியல்பாக, அதாவது பொறுமை, பணிவு, ஒத்துப்போகும் மனம் ஆகியவற்றின் கூட்டாகக் கருதும் வழக்கம் ஆசிரியர்களிடையே வலுவாக இருக்கிறது. அந்தப் பார்வைதான் அதைக் கற்பிக்க முடியாததாக ஆக்கியும் விடுகிறது. ஏனெனில் இயல்பை அறிவுரையாகச் சொல்லலாமே தவிரப் பாடமாக நடத்த இயலாது. குழுப்பணியைப் பேச்சுத்திறனாக, அதாவது தனக்குத் தெரிந்ததை, உரிய ஆளிடம், உரிய நொடியில், அவர் காதில் ஏறும்படி சொல்வதும், அப்படிச் சொல்லப்பட்டதைக் கேட்டுச் செயலாக்குவதுமாகிய திறனாகப் புரிந்துகொண்டால், ஊசி போடக் கற்பதைப் போலவே அதையும் திரும்பத் திரும்பச் செய்து கற்க முடியும் என்பது தெளிவாகும்.

பொம்மைகளின் வரலாறு நெடியது; இங்கு அதைச் சுருக்கமாகத் தொட்டால் போதும். நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளரான ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் உருவாக்கிய ‘ரெசுசி ஆன்’ பொம்மையில் உலகெங்கும் பல தலைமுறையினர் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டப் பழகினர். 1963இல் அமெரிக்காவின் தென்கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நலமாக உள்ள ஒருவருக்கு நோயாளியின் வரலாற்றையும் உடற்குறிகளையும் கற்றுக்கொடுத்து, அவரை மாணவர்கள் பரிசோதிக்கும் முறையைத் தொடங்கினார். இவை எல்லாம் ஒற்றை மாணவரின் கையையும் கண்ணையும் பழக்கின. ஒரு குழு தனக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறது என்ற கேள்வி மருத்துவத்துக்கு வெளியிலிருந்து, விமானிகளின் அறையிலிருந்துதான் வந்தது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். எதிரே இன்னொரு விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்ற ஐயத்தை விமானப் பொறியாளர் எழுப்பியும், அனுபவமும் புகழும் மிக்க தலைமை விமானி அதை ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டுப் புறப்பட்டது ஒலிப்பதிவில் தெரிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே, சக்கரக் கோளாறு ஒன்றை ஆராய்ந்தபடி வட்டமடித்துக்கொண்டிருந்த விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவது உடனிருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, ஆனால் தலைமை விமானியைத் தடுத்து நிறுத்தும் அழுத்தத்தோடு அது சொல்லப்படவில்லை. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து 1979இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து, விமானக் குழுவினர் ஒருவரையொருவர் எச்சரிக்கவும் கேட்கவும் பழக்கும் பயிற்சிமுறை பிறந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் மருத்துவர் டேவிட் கேபாவும் அவருடைய சகாக்களும் 1990 வாக்கில் அதை அறுவை அரங்கின் பாவனைச் சூழலுக்குக் கொண்டுவந்தார்கள்.

விமானத்துக்கும் மருத்துவத்துக்கும் உள்ள ஒப்புமை வெறும் உவமை அன்று என்பதைக் காட்டிய நிகழ்வு 2005இல் இங்கிலாந்தில் நடந்தது. சிறிய சைனஸ் அறுவைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஓர் இளம் தாய்க்கு மூச்சுக்குழாய் செலுத்த முடியாமல் போனது. செயற்கையாகக் காற்றூட்டவும் இயலவில்லை. அனுபவம் வாய்ந்த மூன்று மருத்துவர்கள், தொண்டையில் நேரடியாகத் துளையிட்டுக் காற்றுவழி அமைக்க வேண்டிய கட்டம் கடந்த பிறகும், குழாய் செலுத்துவதையே மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு செவிலியர் தொண்டைத் துளைக்கான கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து, அது தயாராக இருப்பதாகத் தெரிவித்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து சொன்னபோது, தேவைக்கு மிஞ்சிப் பதறுகிறாரோ என்பது போன்ற பார்வைகளைச் சந்தித்து, அந்தப் படுக்கையை வேண்டாம் என்று திருப்பிவிட்டார். 13 நாட்கள் கழித்து அந்தப் பெண் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி தொழில்முறை விமானி என்பதால், யாரையும் தண்டிக்கக் கோராமல், விமான விபத்தை ஆராய்வதுபோல இதை ஆராயச் சொல்லி, பின்னர் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் குழு ஒன்றை 2007இல் நிறுவினார்.

இந்த நிகழ்வில் மனத்தை வருத்தும் செய்தி, தேவையான அறிவு அந்த அறைக்குள்ளேயே இருந்தது என்பதுதான். கருவியும் இருந்தது, கருவியின் தேவையை உணர்ந்தவரும் இருந்தார்; உணர்ந்தவரின் அறிவை, கத்தியை எடுக்க வேண்டியவரின் கைக்குக் கொண்டுசேர்க்கும் வாக்கியம் மட்டுமே இல்லாமல் போனது. ஒருவேளை அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்பதை அந்தச் செவிலியர்கள் மாணவப் பருவத்திலேயே பழகியிருந்தால், அதைவிட முக்கியமாக, அதைக் கேட்கும் கடமை தமக்கு உண்டு என்பதை அந்த மருத்துவர்கள் பழகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இங்கேதான் பல்துறைக் கூட்டுக் கல்வி என்னும் கருத்து பொருள் பெறுகிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளின் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்பதே அது என்று பிரிட்டனில் இதற்கென இயங்கும் அமைப்பு 2002இல் வரையறுத்ததை ஒட்டியே, உலகச் சுகாதார நிறுவனமும் 2010இல் தனது செயல்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. ஒரே அரங்கில் எல்லாத் துறை மாணவர்களையும் அமரவைத்து ஒரே விரிவுரையைக் கேட்கவைப்பது இந்த வரையறைக்குள் வராது. அங்கே ‘ஒருவரோடு ஒருவர்’ இருப்பு மட்டும் நிகழ்கிறது, மற்ற இரண்டும் நிகழ்வதில்லை.

ஒரு பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். பிரசவம் முடிந்தபின் அளவுக்கு மீறி ரத்தம் போகும், பிபிஎச் எனப்படும் நிலையை எடுத்துக்கொள்ளலாம். உலகில் தாய்மார் இறப்புக்கு முதன்மையான நேரடிக் காரணம் அது என்பதாலும், ஒருவரால் மட்டும் சமாளிக்க முடியாதது என்பதாலும் பயிற்சியாளர்கள் விரும்பித் தேர்வது அது. இறுதியாண்டு மருத்துவ மாணவர் இருவர், செவிலிய மாணவியர் இருவர், மயக்கவியல் தொழில்நுட்ப மாணவர் ஒருவர் என்று ஐந்து பேர் உள்ளே வருகிறார்கள். கட்டிலில் தாயாக நடிப்பவர் தளர்வான கால்சட்டை அணிந்து, அதற்குள் மறைத்த பையிலிருந்து சிவப்புச் சாயம் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறார்; நாடித்துடிப்பையும் பிபியையும் பயிற்சியாளர் அவ்வப்போது அறிவிக்கிறார்.

முதல் இரண்டு நிமிடங்களிலேயே குழுவின் குறைகள் வெளிப்படத் தொடங்கும். மருத்துவ மாணவர் கருப்பையைக் கையால் பிசைந்தபடி, தலையை நிமிர்த்தாமல், “சிஸ்டர், ஆக்சிடோசின் போடுங்க” என்று கருப்பையைச் சுருக்கும் மருந்தைக் கேட்கிறார். அறையில் இரண்டு ‘சிஸ்டர்’கள் இருக்கிறார்கள். மற்றவர் போடுவார் என்று இருவரும் நினைத்தால் மருந்து போகாது. இருவருமே தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் இரண்டு முறை போகும். பெயரைச் சொல்லி அழைத்து, மருந்தையும் அளவையும் வழியையும் (தசைவழியானால் ‘ஐஎம்’ என்று) சொல்லி, கேட்டவர் அதையே திருப்பிச் சொல்லி, போட்ட பிறகு “பத்து யூனிட் ஐஎம் போட்டாச்சு, மணி பத்து நாற்பத்திரண்டு” என்று அறிவிப்பது வரை ஒரு சுற்று முழுமையடைய வேண்டும் என்பதே மூடிய வளையப் பேச்சு எனப்படும் முறை. எழுத்தில் எளிதாகத் தோன்றும் இதை, கை முழுதும் சிவப்புச் சாயம் வழியும்போது செய்வதற்குப் பழக்கம் தேவைப்படுகிறது.

அதே நேரத்தில் இரண்டாவது செவிலிய மாணவி நனைந்த துணிகளை எடைபோடுகிறார். காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் எஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் ரத்தம் என்ற கணக்குப்படி 900 மில்லிலிட்டர் போயிருப்பது அவருக்குத் தெரிகிறது. கண்ணளவில் பார்ப்பவர்கள் ரத்த இழப்பைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை; கட்டிலருகே குனிந்திருக்கும் மருத்துவ மாணவரும் அரை லிட்டர் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆக, அந்த அறையிலேயே சரியான எண்ணை அறிந்த ஒரே ஆள், பதவி வரிசையில் கடைசியில் நிற்பவர். அவர் சொல்வது என்னவோ, “சார், ரத்தம் கொஞ்சம் அதிகமா போற மாதிரி இருக்கு” என்பதுதான். ‘கொஞ்சம்’ என்ற சொல்லும் ‘மாதிரி’ என்ற சொல்லும் சேர்ந்து 900 என்ற எண்ணை விழுங்கிவிடுகின்றன.

இந்த அளவிடலின் முக்கியத்துவத்தைக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு காட்டியது. அளவுக்கோடுகள் இட்ட விரிப்பால் ரத்தத்தைத் துல்லியமாக அளந்து, கருப்பையைப் பிசைதல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, டிரானெக்சாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், காயம் தேடுதல் ஆகியவற்றை ஒரே கட்டாகச் செய்யப் பயிற்சி பெற்ற இடங்களில், கடும் ரத்தப்போக்கும் அதையொட்டிய அறுவைகளும் இறப்புகளும் சேர்ந்த கணக்கு, மற்ற இடங்களின் 4.3 சதவீதத்துக்கு எதிராக 1.6 சதவீதமாக இருந்தது. எண்ணை அறிவதும், அறிந்ததும் எல்லோரும் ஒருசேர இயங்குவதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்றே இதைப் படிக்க வேண்டும்.

பயிற்சியின் உயிர்நாடி பாவனை முடிந்தபின் தொடங்குகிறது. டீப்ரீஃபிங் எனப்படும் பின்னுரையாடலுக்குப் பாவனைக்கு ஆன நேரத்தைப் போல இருமடங்கு ஒதுக்குவது நல்ல வழக்கம். அதை ஒரு மருத்துவ ஆசிரியரும் ஒரு செவிலிய ஆசிரியரும் சம இருக்கைகளில் அமர்ந்து சேர்ந்து நடத்துவது அதைவிட நல்ல வழக்கம், ஏனெனில் ஆசிரியர்களே தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை மாணவர்கள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். முதலில் மனத்தின் படபடப்பை இறக்கிவைக்கவிட்டு, பிறகு நடந்ததை ஆராய்ந்து, கடைசியில் அடுத்த முறைக்கு எடுத்துச்செல்ல வேண்டியதைத் தொகுப்பது இதன் நடை. அமெரிக்காவின் ஜென்னி ருடால்ஃபும் சகாக்களும் 2006இல் முன்வைத்த முறையில், ஆசிரியர் தாம் கண்டதையும் அதைப் பற்றிய தம் கவலையையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, மாணவரின் எண்ண ஓட்டத்தை உண்மையான ஆவலோடு கேட்கிறார்: “துணிகளை எடைபோட்டதும் உங்களுக்கு எண் தெரிந்துவிட்டது, அதை எண்ணாகச் சொல்லாமல் விட்டது தாமதத்துக்குக் காரணமாகிவிட்டதோ என்று எனக்குக் கவலை, அந்த நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடியது?”

இந்தக் கேள்விக்கு வரக்கூடிய பதில்கள்தான் பாடத்தின் பொருள். தான் கணக்கிட்டது தப்பாக இருக்குமோ என்ற அச்சம், மருத்துவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை, முன்பொரு முறை வார்டில் வாய் திறந்து வாங்கிக்கட்டிக்கொண்ட நினைவு என்று அவை விரியும். அவற்றைக் கேட்கும் மருத்துவ மாணவர், தன் குனிந்த தலையும் தன் மௌனமும் எதிரில் இருப்பவருக்கு என்ன பொருள் தந்தன என்பதை அப்போதுதான் முதன்முறையாக அறிவார். விரிவுரை எதுவும் இதைத் தராது. இந்த நேர்மை சாத்தியமாக வேண்டுமானால், அறைக்குள் பேசியது வெளியே போகாது, மதிப்பெண்ணாக மாறாது என்ற உறுதி மாணவர்களுக்கு இருக்க வேண்டும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவுகளில், நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அக்குழுவினர் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, தவறை வாய்விட்டுச் சொல்ல அஞ்சவில்லை என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கமாக அமைந்தது. பேசினால் அவமானப்பட நேராது என்ற இந்தப் பொது நம்பிக்கையைத்தான் அவர் 1999இல் எழுதிய கட்டுரையில் உளப்பாதுகாப்பு என்ற கருத்தாக விளக்கினார்.

இதெல்லாம் நோயாளிக்கு உண்மையில் பயன்படுகிறதா என்ற கேள்விக்கு அளவான பதிலே பொருந்தும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவு, 2000 முதல் மருத்துவச்சியரையும் மருத்துவர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பாவனைப் பயிற்சி அளித்தது. பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் குழந்தையின் நிலையைக் காட்டும் ஆப்கார் மதிப்பெண் குறைவாக இருந்த குழந்தைகள் முன்பு பத்தாயிரம் பிறப்புகளுக்கு 86.6 ஆக இருந்து, பயிற்சிக்குப் பின் 44.6 ஆகக் குறைந்தனர். பிராணவாயுக் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கணக்கும் ஏறத்தாழப் பாதியாயிற்று. முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வு என்பதால் முழுப் புகழையும் பயிற்சிக்கே கொடுக்க முடியாது என்றாலும், வேறுபாடு சிறிதன்று. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அறுவைக் குழுப் பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் ஆண்டு இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்திருக்க, பெறாத 34இல் 7 சதவீதமே குறைந்திருந்தது.

இவை பணியில் இருப்பவர்களைப் பற்றிய சான்றுகள். மாணவப் பருவத்தில் பெற்ற பயிற்சி பல ஆண்டுகள் கழித்து ஒரு நோயாளியைக் காப்பாற்றியது என்று நிறுவுவது முறையியல் அளவிலேயே கடினம். பல்துறைக் கூட்டுக் கல்வியைப் பற்றிய 2013ஆம் ஆண்டின் காக்ரன் தொகுப்பாய்வு, தகுதியுள்ள 15 ஆய்வுகளை மட்டுமே கண்டு, அவற்றில் 7 நல்ல விளைவையும் 4 கலப்பான விளைவையும் காட்ட, மற்ற 4 எந்த மாற்றத்தையும் காட்டவில்லை என்று பதிவு செய்தது. ஆனாலும் தென்மேற்கு இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் பேறுகால வலிப்பைப் பாவனையாக நடத்திப் பார்த்த ஆய்வாளர்கள் கண்ட ஒன்றை எந்தக் கல்லூரியும் புறக்கணிக்கக் கூடாது: குழு சிறப்பாகச் செயல்பட்டதற்கும் அதன் உறுப்பினர்களின் தனித்தனி அறிவு மதிப்பெண்களுக்கும் தொடர்பு தென்படவில்லை, நெருக்கடியை நெருக்கடி என்று முன்னதாகவே வாய்விட்டு அறிவித்த, மூடிய வளையமாகப் பேசிய குழுக்களே உரிய மருந்தை விரைந்து கொடுத்தன.

இந்தியாவைப் பொறுத்தவரை, 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், நலப்பணிக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருத்தலை இந்திய மருத்துவப் பட்டதாரியின் ஐந்து பணிநிலைகளில் ஒன்றாகவே வரையறுத்துள்ளது. மனப்பாங்கு, அறம், தகவல் பரிமாற்றம் ஆகியவற்றுக்குத் தனிப் பாடத்தொகுதியும் உண்டு. எனினும் அது மருத்துவ மாணவர்களுக்கு உரிய பாடத்திட்டத்துக்குள் அமைந்த பாடம். செவிலியர் இல்லாமல் செவிலியரோடு பேசக் கற்பதில் உள்ள குறை வெளிப்படையானது. தமிழ்நாட்டிலோ மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை ஆகிய கல்லூரிகளில் மிகப் பலவும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு பிற்பகல்களைப் பொதுவாக ஒதுக்கும் கால அட்டவணையை அங்கே உருவாக்குவது, விலையுயர்ந்த பொம்மைகளை வாங்குவதைவிட எளிது, பயனும் மிகுதி. மெக்சிகோவில் தொடங்கிப் பின்னர் பீகாரின் அரசு மருத்துவ நிலையங்களுக்கும் வந்த ‘ப்ராண்டோ’ திட்டம், மேலே சொன்ன கால்சட்டை வகையைச் சேர்ந்த மலிவான உத்திகளைக் கொண்டே மகப்பேற்று நெருக்கடிகளைப் பயிற்றுவித்தது.

மொழியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அபாயத்தைப் படிப்படியாக அழுத்தம் கூட்டிச் சொல்வதற்கான ஆங்கில வாய்பாடுகள் பயிற்சி நூல்களில் நிறைய உண்டு. ஆனால் வேலூரிலோ தஞ்சாவூரிலோ இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் தொலைபேசியில் எழுப்பும் மருத்துவரிடம் பேசும் மொழி பெரும்பாலும் தமிழ்தான். தமிழில் மரியாதை பன்மையிலும் ‘சார்’, ‘மேடம்’ என்ற விளிகளிலும் மட்டுமல்லாமல், செய்தியையே தளர்த்தி, கேள்வியாக்கி, கேட்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதிலும் வெளிப்படுகிறது. “சார், ஒரு தடவை வந்து பார்த்துடுறீங்களா?” என்பதில் பணிவு முழுமையாக இருக்கிறது, நோயாளி எங்கேயும் இல்லை. “சார், மூணாம் பெட் அம்மாவுக்கு ரத்தம் 900 போயிருக்கு, பிபி 80க்கு 50. ரத்தம் 900 போயிருக்கு, பிபி 80க்கு 50. பிபிஎச்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வரணும்” என்பதிலும் ‘சார்’ இருக்கிறது, ‘நீங்க’ இருக்கிறது, மரியாதையில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்ற நான்கையும் இந்த வரிசையில் சொல்லும் இம்முறை, அமெரிக்க அணு நீர்மூழ்கிகளின் தகவல் முறையிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. அதைத் தமிழ் வாக்கியங்களாகவே வகுத்து, தமிழ் மாணவர்கள் உரக்கச் சொல்லிப் பழகும்படி செய்வது மொழிபெயர்ப்பு வேலையைத் தாண்டியது. மரியாதையை விளியில் வைத்துக்கொண்டு, செய்தியைத் தளர்த்தாமல் விடும் ஒரு புதிய பேச்சு வழக்கத்தை உருவாக்கும் வேலை அது.

எஞ்சி நிற்பது தேர்வு பற்றிய சிக்கல். 1970களின் நடுவில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் வகுத்த ஓஸ்கி என்னும் செய்முறைத் தேர்வில் மாணவர் நிலையம் நிலையமாகத் தனியே சென்று மதிப்பெண் பெறுகிறார். இன்றும் மருத்துவக் கல்வியின் தேர்வுமுறை பெரும்பாலும் அந்தத் தனி மாணவரையே அளக்கிறது. பின்னுரையாடலில் சொன்னது மதிப்பெண்ணாகாது என்ற உறுதியைக் காப்பாற்றிக்கொண்டே, தனியாக நடத்தும் இறுதி மதிப்பீட்டில் குழுவை எப்படி அளப்பது, எடைபோட்ட மாணவி எண்ணைச் சொல்லாமல் விட்டால் யாருடைய மதிப்பெண்ணைக் குறைப்பது என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். மேலே கண்ட சான்றுகளின்படி பார்த்தால், மாணவியின் மதிப்பெண்ணில் ஒன்று குறையட்டும், கட்டிலருகே குனிந்தே நின்று, தலை நிமிர்ந்து, “வேற யாருக்காவது ஏதாவது தெரியுதா?” என்று ஒருமுறைகூடக் கேட்காத மருத்துவ மாணவரின் மதிப்பெண்ணில் இரண்டு குறைய வேண்டும்.